கலகச் சட்டத்தை வாசித்தல்: ஓர் ஆங்கில மரபுத்தொடரின் பொருளும் பிறப்பும்

தோற்றுவாய்

ஒரு மொழியின் சொற்களை அகராதியின் துணைகொண்டு கற்றுவிடலாம். அதன் மரபுத்தொடர்களை அவ்வாறு எளிதில் கற்றுவிட இயலாது. சொற்கள் தனித்தனியே நிற்கும்போது தரும் பொருள் வேறு. அவை மரபால் இணைந்து ஒரு தொடராக நிற்கும்போது தரும் பொருள் வேறு. 'கை கழுவினான்' என்னும் தொடரில் கையும் இல்லை, தண்ணீரும் இல்லை என்பதைத் தமிழ்க் குழந்தை அறியும். வேற்றுமொழியாளர்க்கு அதனை விளக்கிச் சொல்லவேண்டும். ஆங்கில மரபுத்தொடர்களின் முன்னே நாமும் அத்தகைய வேற்றுமொழியாளரே ஆவோம்.

மொழிபெயர்ப்புப் பயிற்சி வகுப்பொன்றில் மாணவர்களுக்கு நாம் சில ஆங்கிலத் தொடர்களைக் கொடுத்துத் தமிழாக்கச் சொன்னோம். அவற்றுள் ஒன்று, தலைமையாசிரியர் மாணவர்களுக்கு 'ரயட் ஆக்ட்' வாசித்தார் என்பது. வந்த விடைகள் மூவகைப்பட்டன. சிலர், 'தலைமையாசிரியர் கலகச் சட்டத்தைப் படித்துக் காட்டினார்' என எழுதினர். ஒரு மாணவர், ரயத்துவாரி முறையை வரலாற்றுப் பாடத்தில் படித்த நினைவினால், 'தலைமையாசிரியர் குடியானவர் சட்டத்தைப் படித்தார்' என எழுதியிருந்தார். மிகச் சிலரே, 'தலைமையாசிரியர் மாணவர்களைக் கடுமையாக எச்சரித்தார்' என எழுதினர்.

மூன்றாம் விடையே சரியானது. எனினும் முதல் விடையை எழுதியவர்களைப் பார்த்து நாம் சிரித்துவிடவில்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அத்தொடர் இங்கிலாந்தில் எழுத்துக்கு எழுத்து உண்மையாகவே நிகழ்ந்த ஒரு செயலைக் குறித்தது. கூட்டத்தின் முன்னே நின்று ஒருவர் ஒரு தாளை வாசிப்பார். அதனைக் கேட்டும் கலையாது நின்றவரின் உயிருக்கே இடர் நேரும். அந்த வரலாற்றை அறிந்தாலன்றி இத்தொடரின் பொருளை முழுமையாக உணர்தல் அரிது. ஆகவே அதனை ஒரு சிறிது ஆராய்வோம்.

தொடரின் இன்றைய பொருள்

இன்றைய ஆங்கிலத்தில் இத்தொடர், அதிகாரம் உடைய ஒருவர் தமக்குக் கீழ்ப்பட்டோரின் தகாத நடத்தையைக் கண்டு, 'இதனை இத்துடன் நிறுத்துக. நிறுத்தாவிடில் இன்னது நேரும்' எனக் கண்டிப்புடன் எச்சரித்தலைக் குறிக்கும். தந்தை மக்களுக்கும், பயிற்சியாளர் ஆட்டக்காரர்க்கும், மேலாளர் பணியாளர்க்கும் ரயட் ஆக்ட் வாசிப்பர் என்பது ஆங்கில வழக்கு.

இப்பொருளில் மூன்று கூறுகள் அடங்கியிருத்தல் காணலாம். முதலாவது, எச்சரிப்பவர் அதற்குரிய இடத்தில் இருப்பவர். மாணவன் முதல்வருக்கு ரயட் ஆக்ட் வாசித்தான் என்று எழுதினால் அது நகைச்சுவையாகவே கொள்ளப்படும். இரண்டாவது, தவறு இப்போது நடந்துகொண்டிருக்கிறது. அதனை நிறுத்த இன்னும் காலம் இருக்கிறது. மூன்றாவது, நிறுத்தாவிடில் விளையும் தண்டனை வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது.

வெறும் ஏச்சு இத்தொடரின் பொருளன்று என்பதனை மாணவர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். ஏசுதல் நடந்து முடிந்ததன் மேற்று. எச்சரித்தல் நடக்கவிருப்பதன் மேற்று. பேச்சு வழக்கில் 'டோஸ் விட்டார்' என்று நாம் சொல்வது ஏச்சினை மட்டுமே குறிக்கும். 'கறாராகச் சொல்லிவிட்டார்', 'கண்டித்துச் சொல்லிவைத்தார்' என்பன ஆங்கிலத் தொடருக்கு நெருங்கிய தமிழ் வழக்குகளாம். 'சொல்லிவைத்தல்' என்பதில் உள்ள 'வைத்தல்', பின்னால் வரப்போவதற்கு முன்கூட்டியே இடும் காப்பாக நிற்றல் நோக்கத்தக்கது.

சட்டம் பிறந்த சூழல்

1714ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாளில் இங்கிலாந்தின் அரசி ஆன் இறந்தார். அவருக்கு வாழும் மக்கள் இல்லை. கத்தோலிக்கர் அரியணை ஏறலாகாது என 1701ஆம் ஆண்டின் சட்டம் விலக்கியிருந்தது. அதன்படி ஜெர்மனியின் ஹனோவர் நாட்டை ஆண்டுவந்த ஜார்ஜ் என்பவர் அழைத்துவரப்பட்டு, முதலாம் ஜார்ஜ் என முடிசூடினார். நாட்டில் இதனை விரும்பாதார் பலர் இருந்தனர். முன்பு அரியணை இழந்த இரண்டாம் ஜேம்சின் மைந்தரே உரிமை உடையவர் என்பது ஒரு சாராரின் கொள்கை.

புதிய அரசர் முடிசூடிய நாளிலேயே பல ஊர்களில் கலகங்கள் எழுந்தன. அடுத்த ஆண்டு அவை மேலும் பெருகின. அரசரின் ஆதரவாளர் எனக் கருதப்பட்ட மாற்றுப் பிரிவினரின் வழிபாட்டு இல்லங்கள் இடித்துத் தள்ளப்பட்டன. அக்கால வழக்குச் சட்டத்தில் கலகம் என்பது பெருங்குற்றமாகக் கருதப்படவில்லை. கூட்டத்தை அடக்கச் செல்லும் அலுவலர் எவரையேனும் கொன்றுவிட நேர்ந்தால் அவர் மீதே வழக்கு வரலாம் என்ற அச்சமும் இருந்தது. புதிய ஆட்சி தன்னைக் காத்துக்கொள்ள ஒரு கடுஞ்சட்டத்தை நாடியது. 1715ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நாடாளுமன்றம் அச்சட்டத்தை நிறைவேற்றியது. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே ஸ்காட்லாந்தில் அரசருக்கு எதிராகப் பெரும் கிளர்ச்சி தோன்றியது என்பதால், ஆள்வோரின் அச்சம் வெறுங்கற்பனை அன்று என்பது புலனாகும்.

நூல்களில் இச்சட்டத்தின் ஆண்டு 1714 எனக் குறிக்கப்பட்டிருத்தலைக் கண்டு மாணவர்கள் மயங்க வேண்டுவதில்லை. சட்டம் எந்நாளில் நிறைவேறினும், நாடாளுமன்றக் கூட்டத்தொடர் தொடங்கிய ஆண்டையே அதன் ஆண்டாகக் கொள்வது அக்கால மரபு. அன்றைய இங்கிலாந்தில் ஆண்டுப் பிறப்பு மார்ச் 25ஆம் நாள். கூட்டத்தொடரோ அதற்குச் சில நாள் முன்னதாகத் தொடங்கிவிட்டது. இதுவே வேறுபாட்டிற்குக் காரணம்.

சட்டம் சொன்னது என்ன?

பன்னிருவரோ அவர்க்கு மேற்பட்டோரோ சட்டத்திற்குப் புறம்பாக, அமைதி குலையுமாறு கூடியிருப்பின், அவ்விடத்து மாஜிஸ்திரேட்டோ, ஷெரீப்போ, நகரத் தலைவரோ அக்கூட்டத்தின் அருகே செல்லவேண்டும். முதலில் அனைவரையும் அமைதியாக இருக்குமாறு பணிக்கவேண்டும். பின்னர் உரத்த குரலில் அரசரின் அறிக்கையை வாசிக்கவேண்டும். அவ்வறிக்கை நீண்டதன்று. கூடியிருப்போர் அனைவரும் உடனே கலைந்து, தத்தம் இல்லங்களுக்கோ தத்தம் நேரிய தொழிலுக்கோ அமைதியாகச் செல்லவேண்டும் என அரசர் ஆணையிடுகிறார் என்பதும், மீறுவோர் இச்சட்டத்தின் தண்டனைக்கு ஆளாவர் என்பதுமே அதன் சாரம். இறுதியில் அரசரை இறைவன் காக்க என்னும் வாழ்த்து உண்டு.

வாசித்தபின் ஒரு மணி நேரம் அவகாசம். அதற்குள் கலைந்தவர்க்கு இவ்வறிக்கையை மீறியதன் குற்றம் இல்லை. ஒரு மணி நேரம் கழிந்தும் பன்னிருவர் அல்லது மேற்பட்டோர் கூடி நின்றால், அது பெருங்குற்றம். அதற்குத் தண்டனை மரணம். வாசிப்பவரை வலிந்து தடுத்தலும் அதே தண்டனைக்கு உரியது. கலைக்கும்போது கலகக்காரருள் எவரேனும் இறந்தால் அலுவலரும் அவருக்குத் துணைநின்றோரும் குற்றவாளிகள் ஆகார்.

இச்சட்டம் மக்களுக்குத் தெரியாமற் போய்விடலாகாது என்பதிலும் நாடாளுமன்றம் கருத்துடன் இருந்தது. காலாண்டிற்கு ஒருமுறை கூடும் நீதிமன்ற அமர்வுகள் ஒவ்வொன்றிலும் சட்டம் முழுவதையும் வெளிப்படையாக வாசித்தல் வேண்டும் என அதிலேயே விதிக்கப்பட்டது. ஆகவே இங்கிலாந்து மக்களின் செவியில் இச்சட்டம் இருவகையாக ஒலித்தது: அமைதிக் காலத்தில் நீதிமன்றத்தில், கலகக் காலத்தில் தெருவில். இவ்வாறு தலைமுறை தலைமுறையாகக் காதில் விழுந்த ஒன்று மரபுத்தொடராக மாறியதில் வியப்பில்லை.

வாசிப்பவர் எழுத்துப் பிசகாமல் வாசிக்கவேண்டியிருந்தது. 1830ஆம் ஆண்டு வழக்கொன்றில், இறுதி வாழ்த்தாகிய தொடர் விடுபட்டமையால் அந்த வாசிப்புச் சட்டப்படி நிறைவானதன்று என நீதிமன்றம் கூறியது. ஓர் உயிரைப் பறிக்கும் ஆற்றல் அந்தத் தாளுக்கு இருந்தது. எனவே அதன் கடைசிச் சொல்லும் கணக்கில் வந்தது.

ஒரு மணி நேரத்தின் வரலாறு

சட்டம் எழுதப்படுவது ஒன்று. தெருவில் நடப்பது மற்றொன்று. 1780ஆம் ஆண்டு சூன் திங்களில், கத்தோலிக்கர்க்கு அளிக்கப்பட்ட சில சலுகைகளை எதிர்த்து லண்டனில் பெருங்கலகம் மூண்டது. கார்டன் கலகம் என்பது அதன் பெயர். நியூகேட் சிறைச்சாலை எரிக்கப்பட்டது. தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபுவின் இல்லமும் எரிந்தது. படைவீரர் அருகில் இருந்தும், சட்டத்தை வாசிக்க மாஜிஸ்திரேட்டுகள் முன்வரவில்லை. வாசித்தால் கூட்டம் தம் வீட்டையும் எரிக்கும் என அஞ்சினர். வாசிக்காமலும், ஒரு மணி நேரம் கழியாமலும் படை எதுவும் செய்யலாகாது என்ற தவறான எண்ணம் எங்கும் பரவியிருந்தது. கண்முன் நடக்கும் கொள்ளையையும் தீவைப்பையும் தடுக்க ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டுவதில்லை என அரசின் தலைமை வழக்கறிஞர் விளக்கிய பின்னரே படை இறங்கியது. அதன்பின் சுட்டுக் கொல்லப்பட்டோர் பல நூற்றுவர். அஞ்சி வாய்மூடியிருந்தமையால் தொடக்கத்தில் சிறிதாக இருந்த தீ, இறுதியில் பெரும் உயிரிழப்பில் முடிந்தது.

1819ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் மான்செஸ்டரில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. வாக்குரிமை கேட்டு ஏறத்தாழ 60,000 மக்கள் புனித பீட்டர் திடலில் கூடினர். பெண்களும் சிறுவரும் திருநாளாடை உடுத்து வந்திருந்தனர். ஹென்றி ஹண்ட் என்னும் பேச்சாளர் மேடையேறிய சிறிது நேரத்தில், வாளேந்திய குதிரைப்படை கூட்டத்திற்குள் பாய்ந்தது. 15 பேருக்குக் குறையாமல் உயிரிழந்தனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். கலகச் சட்டம் முறைப்படி வாசிக்கப்பட்டது என மாஜிஸ்திரேட்டுகள் பின்னர்க் கூறினர். திடலை ஒட்டிய ஒரு வீட்டின் சாளரத்திலிருந்து எதெல்ஸ்டன் என்னும் பாதிரியார் வாசித்தாராம். பாதிரியாரான அவரே மாஜிஸ்திரேட்டாகவும் இருந்தார். அறுபதினாயிரவர் கூடிய திடலில் ஒரு சாளரத்துக் குரல் எத்துணைத் தொலைவு சென்றிருக்கும்? கேட்டதாகச் சொன்னோர் மிகச் சிலர். வாசிப்பு நிகழ்ந்ததாகக் கொண்டாலும், அதற்கும் குதிரைப்படையின் பாய்ச்சலுக்கும் இடையே சட்டம் சொன்ன ஒரு மணி நேரம் கழியவில்லை.

நான்காண்டுகளுக்கு முன் நடந்த வாட்டர்லூப் போரின் பெயரோடு பீட்டர் திடலின் பெயரை இணைத்து, மக்கள் இதனைப் 'பீட்டர்லூ' என எள்ளல் தோன்ற வழங்கினர். அங்கே படைவீரர் எதிரியை வென்றனர். இங்கே தம் மக்களையே வென்றனர் என்பது குறிப்பு. மக்களின் நாவே வரலாற்றின் முதல் தீர்ப்பை எழுதுகிறது என்பதற்கு இச்சொல் ஒரு சான்று. 'ரயட் ஆக்ட் வாசித்தல்' என்பது வீட்டுக் கண்டிப்பைக் குறிக்கும் உருவகமாக ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியதும் இந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்க காலத்திலேயே ஆகும். அச்சத்திற்குரிய ஒன்றை நகையாடி வீட்டுக்குள் கொண்டுவருதல் மொழியின் இயல்பு.

1919ஆம் ஆண்டின் மூன்று நிகழ்ச்சிகள்

இச்சட்டத்தின் வரலாற்றில் 1919ஆம் ஆண்டு நம் கருத்தை ஈர்க்கிறது. அவ்வாண்டு சனவரி 31ஆம் நாள், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வேலைநேரக் குறைப்புக் கேட்டுத் தொழிலாளர் திரண்டனர். மோதல் எழவே, ஷெரீப் கலகச் சட்டத்தை வாசிக்கத் தொடங்கினார். வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கையிலிருந்த தாள் பறிக்கப்பட்டது. ஆகஸ்டு 3ஆம் நாள், காவலர் வேலைநிறுத்தத்தை ஒட்டிக் கடைகள் சூறையாடப்பட்ட பர்க்கன்ஹெட் நகரில் ஒரு மாஜிஸ்திரேட் அச்சட்டத்தை வாசித்தார். இங்கிலாந்தில் அது வாசிக்கப்பட்ட கடைசி நிகழ்ச்சியாக இதுவே பெரும்பாலும் சுட்டப்படுகிறது.

இவ்விரண்டிற்கும் இடையே, ஏப்ரல் 13ஆம் நாள், அதே பேரரசின் ஆட்சியில் இருந்த அமிர்தசரசில் நடந்தது என்ன? அன்று காலை, கூட்டம் கூடலாகாது என்னும் ஆணையைத் தமுக்கடித்து நகரின் சில இடங்களில் வாசித்தனர். நகரின் பல பகுதிகளில் அது வாசிக்கப்படவில்லை. வைசாகித் திருநாளுக்காகச் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து வந்த மக்கள் பலர் அதனை அறியவே இல்லை. மாலையில் ஜாலியன்வாலாபாக் திடலில் ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தனர். ஜெனரல் டயர் 90 படைவீரருடன் உள்ளே நுழைந்தார். கலைந்து செல்க என ஒரு சொல்லும் சொல்லாமல் சுடுமாறு பணித்தார். ஏறத்தாழ 10 நிமிடங்களில் 1,650 குண்டுகள் சுடப்பட்டன. அரசின் கணக்கின்படியே 379 பேர் இறந்தனர். காங்கிரசின் விசாரணைக் குழு ஏறத்தாழ 1,000 என மதிப்பிட்டது.

விசாரிக்க அமைக்கப்பட்ட ஹண்டர் குழுவின் முன், கூட்டத்தைச் சுடாமலே கலைத்திருக்கக் கூடும் என்பதை டயர் ஒப்புக்கொண்டார்; ஆனால் அவர்கள் திரும்பி வந்து தம்மைப் பார்த்து நகைத்திருப்பர் என்றார். 1920ஆம் ஆண்டில் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை அவர் மீது சுட்டிய பிழைகள் இரண்டு: கலைந்து செல்ல வாய்ப்புத் தராமல் சுட்டது ஒன்று, மக்கள் கலையத் தொடங்கிய பின்னும் தொடர்ந்து சுட்டது மற்றொன்று. கலகச் சட்டம் என்னும் அந்த இங்கிலாந்துச் சட்டம் இந்தியாவில் நடைமுறையில் இல்லை என்பது உண்மையே. எனினும் கூட்டத்தைக் கலைந்து செல்லுமாறு முதலில் ஆணையிடுதல் என்னும் நெறி, 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்வழி இங்கும் இருந்தது. பர்க்கன்ஹெட் தெருவில் கடைகளைச் சூறையாடியோர்க்கு ஒரு மாஜிஸ்திரேட்டின் எச்சரிக்கை கிடைத்தது. ஜாலியன்வாலாபாக்கில் தரையில் அமர்ந்து உரை கேட்டுக்கொண்டிருந்தோர்க்கு அதுவும் கிடைக்கவில்லை.

மரபுத்தொடர் ஒன்றை ஆராயப் புகுந்த நாம் இதனை ஏன் விரித்துரைத்தோம் என வினவலாம். வாசித்தல் என்னும் சொல்லின் எடை இங்கேதான் தெரிகிறது. கடுமையான அச்சட்டத்திலும் ஓர் அறம் இருந்தது. முதலில் சொல், பின்னர் அவகாசம், அதன் பின்னரே தண்டனை. முதல் இரண்டும் நீங்கினால் எஞ்சுவது வெறும் வன்முறையே.

சட்டம் மறைந்தது, தொடர் நின்றது

மரண தண்டனை 1837ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டு, நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் சட்டம் வழக்கொழிந்தது. இங்கிலாந்தில் 1967ஆம் ஆண்டுச் சட்டம் அதனைச் செயலற்றதாக்கியது. 1973ஆம் ஆண்டு பிரிட்டனின் சட்டத் தொகுப்பிலிருந்து அது அறவே நீக்கப்பட்டது. ஆயினும் அதன் சுவடு அழியவில்லை. அங்கே 1986ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டம் கலகத்திற்கு வகுத்த இலக்கணத்திலும் பன்னிருவர் என்னும் பழைய எண்ணே இடம்பெற்றுள்ளது. கனடா நாட்டின் குற்றவியல் சட்டத்தில் அறிக்கை வாசிக்கும் முறை இன்றும் உண்டு. அங்கே அவகாசம் 30 நிமிடம்.

சட்டம் இறந்த பின்னும் அதன் பெயர் மக்கள் நாவில் வாழ்தல் ஆங்கிலத்திற்கு மட்டும் உரியதன்று. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றுதலுக்குரிய பிரிவு 420. அதனால் ஏமாற்றுக்காரனை 'ஃபோர் ட்வென்டி' என்றனர் நம் மக்கள். சட்டம் படியாத பாட்டியும் அச்சொல்லைப் பொருளறிந்து ஆள்வார். கூட்டம் கூடுதலைத் தடை செய்யும் 144ஆம் பிரிவும் அத்தகையதே. வீட்டில் தேர்வுக் காலம் வந்தால் 'தொலைக்காட்சிக்கு 144 போட்டாயிற்று' என்று சொல்லக் கேட்கிறோம். 2024ஆம் ஆண்டு சூலை முதல் நாளிலிருந்து புதிய சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஏமாற்றுதல் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் இருக்கிறது. பழைய 144, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 163 ஆகிவிட்டது. எனினும் எந்தத் தாயும் '163 போட்டாயிற்று' என்று சொல்லத் தொடங்கவில்லை. சட்டமன்றம் எண்ணை மாற்றலாம். நாவின் பழக்கத்தை அவ்வளவு விரைவில் மாற்ற இயலாது.

'தண்டோராப் போடுதல்' என்னும் நம் வழக்கும் இங்கே ஒப்புநோக்கத்தக்கது. ஊராருக்கு அரசின் ஆணையை அறிவிக்கும் முறையாக இருந்தது அது. இன்றோ, இரகசியத்தை ஊரெங்கும் பரப்புவோனைக் குறிக்கும் தொடராகிவிட்டது. ஆங்கிலேயர் தம் அரச அறிக்கையிலிருந்து எச்சரிக்கையின் கடுமையை எடுத்துக்கொண்டனர். நாம் நம் அறிவிப்பு முறையிலிருந்து அதன் ஓசையை எடுத்துக்கொண்டோம். ஒரே வகைச் செயலிலிருந்து இரு மொழிகள் இரு வேறு பொருள்களைக் கறந்துகொண்டமை சுவையானது.

நம் நாட்டுச் சட்டத்திலும் அந்த முதல் எச்சரிக்கைக்கு இன்றும் இடமுண்டு. இங்கே எண் பன்னிரண்டன்று, ஐந்து. ஐவர் அல்லது மேற்பட்டோர் கூடிய கூட்டம் பொது அமைதியைக் குலைக்கும் நிலையில் இருப்பின், நிருவாக நடுவரோ உரிய காவல் அதிகாரியோ கலைந்து செல்ல ஆணையிடலாம் எனப் புதிய சட்டத்தின் 148ஆம் பிரிவு கூறுகிறது. அதன் பின்னும் கலையாவிடிலோ, கலையமாட்டோம் என்னும் உறுதி நடத்தையால் வெளிப்படினோதான் வலிமையைப் பயன்படுத்துதல் வருகிறது.

நம் வகுப்பறையில்

இந்த வரலாற்றைப் படித்தபோது எம் ஆசிரிய வாழ்வின் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. பயிற்சி ஏடுகளைக் குறித்த நாளில் ஒப்படைக்காத மாணவர்களுக்கு அகமதிப்பெண் குறைக்கப்படும் என ஓர் அறிவிப்பை எழுதிப் பலகையில் ஒட்டினோம். குறித்த நாளில் ஒன்பது மாணவர்கள் ஒப்படைக்கவில்லை. அவர்களை நிறுத்திவைத்துக் கடுஞ்சொற்களால் கண்டித்தோம், மதிப்பெண்ணையும் குறைத்தோம். எவரும் மறுத்துப் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, அவ்வொன்பதின்மரும் அறிவிப்பு ஒட்டப்பட்ட வாரம் முழுவதும் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு சிற்றூரில் இருந்தனர் என்பது தெரிந்தது. அவர்களை முகாமுக்கு அனுப்பும் தாளில் கையொப்பமிட்டவருள் நாமும் ஒருவர்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். 'நீங்கள் கோபமாக இருந்தீர்கள், ஐயா' என்றார் ஒருவர். மதிப்பெண்ணைத் திருத்திவிட்டோம். வகுப்பின் முன் எம் பிழையையும் ஒப்புக்கொண்டோம். ஆயினும் அந்த விடை இன்றளவும் எம்மை விட்டு நீங்கவில்லை. பலகையில் ஒட்டியதும் எம் கடமை முடிந்தது என எண்ணினோமே தவிர, அது அவர்கள் கண்ணில் பட்டதா என எண்ணவில்லை. மான்செஸ்டர்ச் சாளரத்தில் நின்று வாசித்தவரின் பிழையும் அதுவே. இங்கே இழப்பு சில மதிப்பெண்களோடு நின்றது, அவ்வளவே வேறுபாடு.

நிறைவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்துக் கூறுவோம். 'ரயட் ஆக்ட் வாசித்தல்' என்பது 1715ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த கலகச் சட்டத்தின் அறிக்கை வாசிப்பிலிருந்து பிறந்தது. இன்று அது கடுமையான இறுதி எச்சரிக்கையைக் குறிக்கிறது. அதனைத் தமிழாக்குங்கால் சட்டத்தையும் வாசிப்பையும் விட்டு, 'கண்டிப்புடன் எச்சரித்தார்' எனப் பொருளைக் கொணர்தலே முறை. வரலாற்று நூலை மொழிபெயர்ப்போர், அங்கே உண்மையாகவே ஒரு தாள் வாசிக்கப்பட்டதா, அன்றி உருவகமா என்பதை இடம் நோக்கித் தெளியவேண்டும். கார்டன் கலகம் பற்றிய நூலில் வரும் வாசிப்பு வேறு. காற்பந்துப் பயிற்சியாளர் பற்றிய செய்தியில் வரும் வாசிப்பு வேறு.

மாணவர்களே, எந்த மரபுத்தொடரைக் கண்டாலும் அதன் பொருளோடு நின்றுவிடாமல் அதன் பிறப்பையும் தேடுங்கள். அகராதியில் ஒரு வரியாகக் கிடக்கும் தொடரின் பின்னே, திருநாளாடை உடுத்துத் திடலுக்கு வந்த மக்கள் நின்றுகொண்டிருக்கக் கூடும்.

ஆசிரியர்களும் பெரியோர்களும் ஆகிய நாம் கொள்ளத்தக்கதும் ஒன்றுண்டு. கண்டிக்கும் உரிமை நமக்கு உண்டு; இளையோர் நன்மைக்காக அதனைப் பயன்படுத்தவும் வேண்டும். வாய்திறந்து சொல்ல அஞ்சிய லண்டன் மாஜிஸ்திரேட்டுகளைப் போல நாம் இருத்தலாகாது. ஆனால் தண்டிக்கும் முன், சொன்னது கேட்டதா, திருந்த நேரம் கொடுத்தோமா என்னும் இரு வினாக்களை நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் கலகக்காரர்க்கும் ஒரு மணி நேரம் அளிக்கப்பட்டது. நம் பிள்ளைகளுக்கு அதனினும் குறைவாக நாம் அளித்தல் தகாது.